பின்பக்கப் பூச்சு

ஆண்டியப்பன் பாஸ் அடித்த பலகையைக் கழற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் கழற்ற வேண்டும். ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இதை எல்லோரும் சொல்வார்கள். அதில் பாதி மெச்சல், பாதி கேலி. தச்சு வேலை தெரிந்தவனை அந்த மலைகளில் பாஸ் என்றுதான் கூப்பிடுவது வழக்கம். ஆண்டியப்பனைக் கூப்பிடும்போது மட்டும் அந்தச் சொல்லில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு ஆணியை அடித்து முடிப்பதற்குள் மற்றவன் ஒரு ஜன்னலையே மாட்டிவிடுவான் என்பார்கள். மனுஷன் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அவருடைய மனைவி பேச்சியம்மா கொழுந்து எடுப்பவள். வாரத்தில் ஆறு நாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு மலை ஏறுவாள். ஏழாம் நாள் அவள் கையில் பிரஷ் இருக்கும். பலகைக்கு அடிப்பூச்சு பூசுவது அவள் வேலை. இது தோட்டத்தில் பல பேருக்குத் தெரியாது. தெரிந்த இரண்டொருவரும் இதை ஒரு வேலையென்று எண்ணவில்லை. பொம்பளை ஏதோ ஒத்தாசைக்குப் போகிறாள் என்று விட்டுவிட்டார்கள்.

கல்யாணம் ஆன புதிதில் ஆண்டியப்பன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "இங்க பாரு புள்ள, மஸ்கெலியா மழை மேல இருந்து பெய்யாது, பக்கத்துல இருந்து பெய்யும். பூச்சு இல்லாம ஒரு பொட்டு எடம் இருந்தாலும் அது வழியா உள்ள பூந்துரும்." அதனால் பலகையின் முகம் மட்டும் போதாது, முதுகு, இரண்டு விளிம்பு, இரண்டு முனை எல்லாவற்றுக்கும் பூச வேண்டும். வாளால் அறுத்த முனைக்கு இரண்டு தரம். பூசியது காய்ந்த பிறகுதான் பலகை ஏணியில் ஏறும். பேச்சியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பலகையைத் திருப்பிப் பார்த்து, எந்த மூலையில் மரம் வெறுமையாக இருக்கிறது என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள்.

உலகச் சண்டை நடந்த காலத்தில், நாற்பத்தொன்றில், விஷு வருஷம், பெரிய துரையின் பங்களாவுக்குக் கூரை புதிதாகப் போட்டார்கள். அதற்கு முந்திய புரட்டாசியில் ஆண்டியப்பனின் தகப்பனார் புதுக்கோட்டைப் பக்கம் செத்துப்போக, இவர் கடல் தாண்டிப் போயிருந்தார். போன இடத்தில் பங்காளித் தகராறு, காய்ச்சல், கடல் தாண்டும் அனுமதிக்கு மண்டபம் கேம்பில் காத்துக் கிடந்தது எல்லாமாகப் பதினோரு மாதம் இழுத்துவிட்டது. பேச்சியம்மா இரண்டு வயது மகள் நாகலெட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வரிசையின் கடைசி அறையான தொங்கல் காம்பிராவில் தனியாகக் கிடந்தாள். புருஷன் திரும்ப மாட்டான் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டதும் அவள் காதில் விழாமல் இல்லை.

ஆவணியில் அவர் வந்து சேர்ந்தார். துரை அவரைக் கண்டதும் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் போடாமல், பங்களா வேலையை மொத்தக் கூலி பேசிக் கொந்தரப்புக்கு விட்டார். கூரையைச் சுற்றி ஓட்டின் விளிம்புக்குக் கீழே அடிக்கும் ஓரப் பலகை முழுதும் அவர் பொறுப்பு. பதினெட்டு அடிப் பலகைகள், எல்லாம் மலைவேம்பு. ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டையும் நேராக வெட்டி முட்ட வைக்க மாட்டார். சாய்வாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி வைத்து, அந்தப் பொருத்து சரியாக ஒரு கைமரத்தின் தலைக்கு மேலே வருமாறு பார்த்து அடிப்பார். வெயிலில் பலகை சுருங்கினாலும் இடைவெளி தெரியாது. ஆணித் தலையை உள்ளே தட்டி, மேலே மக்கு வைத்துத் தேய்த்துவிட்டால் பொருத்து எங்கே என்று அவரே தேட வேண்டும்.

முகப்பு வாசலுக்கு மேலே வரும் பலகைக்குப் பேச்சியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிப்பூச்சு பூசி, கார் கொட்டகையில் மர முக்காலிகளின் மேல் காயவைத்திருந்தாள். மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, பலகையின் முதுகில், இளஞ்சிவப்புப் பூச்சின் மேல், கருப்புக் கருப்பாக ஏதோ கிறுக்கியிருந்தது. ஆண்டியப்பன் அளவு போட்டுப் பார்க்கும்போது இப்படித்தான் பென்சிலால் கண்ட இடத்திலும் கிறுக்குவார். டின்னின் அடியில் கொஞ்சம் பூச்சு மிச்சம் இருந்தது. அழுக்காக இருக்கிறதே என்று அதன் மேல் இரண்டு இழுப்பு இழுத்தாள். நல்லபடியாக மறைந்துவிட்டது. மறுநாள் அவள் மலைக்குப் போன பிறகு பலகை மேலே ஏறியது. முகத்தைப் பார்த்துத் தூக்கினார்கள். முதுகை யாரும் பார்க்கவில்லை.

இதை அவள் அன்றைக்கே மறந்துவிட்டாள். நினைவில் வைத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது?

நாடு சுதந்திரம் அடைந்தது. அடைந்த கையோடு, தோட்டத்துச் சனம் இந்தியாக்காரர்கள், இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று ஆனது. ஆக விரும்புகிறவர்கள் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். ஆண்டியப்பனும் போட்டார். மனு புருஷன் பேரில். பெண்டாட்டியும் பிள்ளையும் அவனோடு ஒட்டிக்கொண்டவர்கள். பேச்சியம்மாவின் பேர் ஒரு மாதம்கூட விடுபடாமல் செக்ரோலில் இருந்தது. அதைக் கேட்பார் இல்லை.

ஐம்பத்து நான்கில் ஹட்டனுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும் என்பது சட்டம். ஆண்டியப்பன் போனது பதினோரு மாதம். ஆனால் கொந்தரப்பு வேலை செய்த மாதங்கள் செக்ரோலில் இல்லாததால், தாளில் பார்த்தால் பதினைந்து மாதம் ஆள் இல்லை. மண்டபம் கேம்பில் கொடுத்த சீட்டைக் காம்பிராக் கூரை ஒழுகிக் கரைத்துவிட்டது. அந்தத் துரை சண்டைக்குப் போய்ச் செத்துவிட்டார். லயத்துச் சனம் வந்து சாட்சி சொல்லும் என்றதற்கு, வாய்ச்சொல் வேண்டாம், எழுத்து வேண்டும் என்றார் விசாரித்த அதிகாரி. மூன்று வாரம் தவணை கொடுத்தார்.

அன்றைக்கு வீடு திரும்பிய ஆண்டியப்பனின் முகத்தில் கவலையே இல்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்கு வந்தார்.

"எழுத்துத்தான வேணும்? நான் எழுதி வச்சிருக்கேன் புள்ள! பங்களா முகப்புப் பலகைக்குப் பின்னால. வருஷம், மாசம், பேரு எல்லாம் எழுதியிருக்கேன். ஊருல இருந்து உசுரோட வந்து சேந்தோமேங்குற சந்தோசத்துல எழுதினது. இன்னைக்கி அதுதான் நம்மளக் காப்பாத்தப் போவுது."

பேச்சியம்மாவின் கை ரொட்டி மாவுக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"எதுலங்க எழுதினீங்க?"

"பென்சில்லதான். வேற எதுல?"

"கருப்பாவா இருக்கும்?"

"பென்சிலு பச்சையாவா இருக்கும்? என்ன கேள்வி கேக்குற நீ!" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பாவி, அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. மறுநாள் பெரட்டுக்குப் போகும் வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். வழியில் பதினைந்து வயது நாகலெட்சுமி கூட நடந்து வந்தாள். பிரஜாவுரிமை கிடைத்ததும் கினிகத்தேனையில் தையல் படிக்கப் போவதாக அவள் சொல்ல, தகப்பன் தலையாட்டிக்கொண்டே நடந்தார். அதற்கடுத்த நாள் சொல்லப் போனபோது அவர் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கரிடம் சொல்லி முடித்திருந்தார். அதற்குப் பிறகு, ஒருவேளை தான் பூசியது வேறு பலகையாக இருக்கும் என்று அவளே அவளை ஏமாற்றிக்கொள்ளத் தொடங்கினாள். நான்கு தரம் பங்களாப் பக்கம் போய் அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

பெரிய கிளாக்கர் தம்பிராசா யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தாறில்தான் தோட்டத்துக்கு வந்தவர் என்பதால், ஆண்டியப்பன் திரும்பி வந்த கதைக்கு அவரால் நேரே சாட்சி சொல்ல முடியாது. ஆனால் நேர்மையான மனிதர். புதுத் துரையிடம் பேசி, பலகையைக் கழற்றிப் பார்க்க அனுமதி வாங்கிக் கொடுத்தார். எழுத்து இருந்தால் தான் கண்டதாகக் கையெழுத்திட்டு அனுப்புவதாகவும் சொன்னார். பொழுது சாய்வதற்குள் புதுப் பலகை அடித்துவிட வேண்டும் என்பது துரையின் கட்டளை.

ஞாயிற்றுக்கிழமை பங்களா வாசலில் பாதித் தோட்டம் கூடிவிட்டது. பாஸ் அடித்த பலகையைப் பாஸே பிடுங்குவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? பேச்சியம்மா மகளோடு பெண்கள் கூட்டத்தில் நின்றாள்.

பலகை லேசில் வரவில்லை. பொருத்தில் ஆணிபிடுங்கியை நுழைக்க ஒரு மயிரிழை இடம் இல்லை. பதின்மூன்று வருஷத்து மழைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை. கடைசியில் ஆண்டியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்ப, பலகை நீளவாட்டில் பிளந்தது. கூட்டம் கைதட்டியது. இரண்டு துண்டையும் இறக்கி, புல்லில் கவிழ்த்துப் போட்டார்கள்.

முதுகு இளஞ்சிவப்பாக, துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

"எங்கை எழுத்து? ஒண்டையும் காணேல்லையே" என்றார் தம்பிராசா.

ஆண்டியப்பன் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் தடவினார். இடுப்பிலிருந்த உளியை எடுத்து மெதுவாகச் சுரண்டினார். மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்தது. அதற்குக் கீழே கருப்பாக ஏதோ தெரிந்ததைப் பேச்சியம்மா எட்டத்தில் நின்றே பார்த்தாள். ஆண்டியப்பன் குனிந்து அதை உற்றுப் பார்க்க, எதிரே நின்ற கிளாக்கருக்கு அவர் தலை மறைத்தது.

"இதிலை ரெண்டு பூச்சுக் கிடக்கே. பின்பக்கம் ஆர் பூசினது?" என்று கேட்டார் தம்பிராசா.

ஆண்டியப்பன் தலையைத் தூக்கினார். கூட்டத்தில் அவர் கண் யாரையோ தேடிவிட்டுக் கீழே இறங்கியது.

"நான்தாங்க."

"எழுதினதும் நீ, அதுக்கு மேலை பூசினதும் நீயோ? என்ன ஆண்டியப்பன், விளையாடுறியோ?"

யாரோ சிரித்தார்கள். ஆண்டியப்பன் உளியை மறுபடியும் வைத்தார். இந்தத் தரம் மெதுவாக வைக்கவில்லை. மரம் தெரியுமட்டும் அழுத்தி இழுத்தார். சுருள் சுருளாகச் சீவல் வந்து புல்லில் விழுந்தது.

"எழுதலீங்க போல. எழுதினதா ஒரு நெனப்பு. மன்னிச்சுக்குங்க ஐயா" என்றார்.

பேச்சியம்மா வாயைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி முகத்தை மூடிக்கொண்டு அழுவதைக் கண்டாள். சொல்லாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முன்னால் சனம் கலைந்து போனது.

ஆண்டியப்பன் அன்று மாலைக்குள் புதுப் பலகை அடித்தார். அதற்கும் அவளே பூசினாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மனு தள்ளுபடியானது. கடிதம் மூன்றே வரி. அதைவிட மோசமானது லயத்துப் பேச்சு. எதையாவது யாராவது புளுகினால், "பாஸு எழுதின எழுத்து மாதிரியா?" என்று கேட்பது ஊசிப்பாறையில் வழக்கமாகிவிட்டது. பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோயில் திருவிழாவில் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு நாகலெட்சுமி தகப்பனோடு முகம் கொடுத்துப் பேசுவதை விட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் இல்லை. எழுதாததை எழுதினேன் என்று சொல்லிக் குடும்பத்தையே தெருவில் நிறுத்தியவர் என்று அவளுக்குத் தகப்பன் மேல் அடங்காத கோபம். கல்யாணமாகிக் கினிகத்தேனைக்குப் போன பிறகும் அந்தக் கோபம் தீரவில்லை. அவள் புருஷனுக்கு அங்கே ரொட்டிக்கடை. அவனுக்குப் பிரஜாவுரிமைப் பதிவு கிடைத்திருந்தது. அவன் மூலமாக அவளுக்கும் கிடைத்தது. அறுபத்திரண்டில் ஒரு பேரன், அறுபத்து நான்கில் ஒரு பேத்தி. மாதம் ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். அந்த ஒரு நாளுக்காகவே மற்ற நாட்களைப் பேச்சியம்மா தள்ளிக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாட்டுப் பிரதமர்களும் பேசி, இத்தனை லட்சம் பேர் அங்கே, இத்தனை லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். அறுபத்தைந்தில் ஆண்டியப்பனும் பேச்சியம்மாவும் இந்தியாவுக்குப் போகும் விண்ணப்பப் பாரத்தை நிரப்பத் தோட்ட ஆபீசுக்குப் போனார்கள். பேச்சியம்மா பிறந்தது இதே தோட்டத்தில். அந்தக் கடலை அவள் கண்ணால் பார்த்ததும் இல்லை. தம்பிராசா அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறவர். பாரத்தை எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"அண்டைக்கு அந்தப் பலகையிலை ஒரே ஒரு எழுத்துக் கிடந்திருந்தாலும் போதும், ஆண்டியப்பன். நான் துணிஞ்சு எழுதிக் குடுத்திருப்பன். இண்டைக்கும் எனக்கு அது மனவருத்தந்தான்."

ஆண்டியப்பன் தலைகுனிந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தேயிலைச் சரிவில் பாதி தூரம் ஏறிய பிறகு பேச்சியம்மா நின்றாள்.

"பூசினது நாந்தாங்க. கிறுக்கல்னு நெனச்சுப் பூசிட்டேன்."

"தெரியும்" என்றார் அவர். அவரும் நின்றார். "உன்னோட இழுப்பு எனக்குத் தெரியாதா? எடப்பக்கம் இருந்து இழுப்ப."

"அன்னைக்கி சொரண்டுறப்ப கருப்பா தெரிஞ்சிச்சே. அது என்னங்க?"

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"ஆவணின்னு இருந்துச்சு. வருஷமும் பேரும் போயிருச்சு. ஒத்த வார்த்தைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுறது, எப்படியும் தள்ளத்தான் போறாங்கன்னு நெனச்சேன். கிளாக்கரையா வேற யாரு பூசினதுன்னு கேட்டுட்டாரு. அத்தன சனம் நிக்கிது. உம் பேரச் சொன்னா, பொண்டாட்டிதான் குடும்பத்தக் கெடுத்தான்னு உசுரு உள்ளவரைக்கும் உன்னையச் சொல்லுவாங்க. நம்ம புள்ளயும் சொல்லும். அதான் அழுத்தி இழுத்துட்டேன். ஒரு எழுத்து போதும்னு எனக்கு எப்படிப் புள்ள தெரியும்?"

பேச்சியம்மா அந்த இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் பக்கத்தில் நின்றார். அழுகை ஓய்ந்ததும், "ஞாயித்துக்கெழம நாகு வருவா. அவகிட்ட ஒண்ணும் சொல்லிறாத. அப்பன் எழுதலன்னே இருக்கட்டும். போற நேரத்துல எதுக்கு?" என்றார்.

கட்டிய நாளிலிருந்து அவர் சொல்லை அவள் தட்டியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டினாள். மகளைக் காம்பிராவுக்குள் உட்காரவைத்து, பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டு, ஆதியோடு அந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள்.

நாகலெட்சுமி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அங்கே கப்பலுக்குக் கொண்டுபோகும் பெட்டிக்கு அவள் தகப்பன் பலகை சீவிக்கொண்டிருந்தார். "அப்பா" என்று அவர் காலடியில் விழுந்தாள். பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள். அவர் சீவுளியைக் கீழே வைத்துவிட்டு, எழுந்திரும்மா, எழுந்திரும்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று முழுதும் அவள் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள். பேரனை அவர் மடியில் தூக்கி வைத்தாள்.

தாயிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. பேச்சியம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது. நாலரை பஸ்ஸுக்குப் புறப்படும்போது தகப்பனைக் கட்டிக்கொண்டு, அடுத்த மாதம் வருகிறேன் என்றாள். வாசலில் நின்ற தாயைத் தாண்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

இத்தனை வருஷமும் ஊர் சிரித்த சிரிப்பை வாங்கிக்கொண்டு அந்த மனுஷன் எதைத் தடுத்துக்கொண்டிருந்தார் என்பது பேச்சியம்மாவுக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. ஆண்டியப்பன் வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"சொல்லாதன்னேனே புள்ள."

"அவளுக்கு நீங்க வேணும்ங்க" என்றாள் பேச்சியம்மா. கீழே ரோட்டில் பஸ் வந்து நின்றது. மகள் திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். பேரன் மட்டும் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். அது யாருக்கு என்று தெரியவில்லை, இரண்டு பேரும் கையை ஆட்டினார்கள்.